அட்டென்ஷன் டெஃபிசிட்: ‘கவனக்குறைவு’ ஏன் சரியான தமிழ் இல்லை?

என் அக்கா மகன் நாலாம் வகுப்பு படிக்கும்போது வந்த மதிப்பெண் அட்டையில் சிவப்பு மையில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘கவனக்குறைவு அதிகம்.’ மூன்று வருடம் கழித்து மருத்துவர் ஒருவர் அவனுக்கு இருப்பது ஏடிஹெச்டி, அதாவது ‘அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைபராக்டிவிட்டி டிஸார்டர்’ என்று சொல்லி, வீட்டில் எல்லோருக்கும் புரியட்டும் என்று தமிழிலும் எழுதிக் கொடுத்தார். ‘கவனக்குறைவுக் கோளாறு.’ அக்கா இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “அப்போ அந்த டீச்சர் எழுதினது சரிதானேடா?” என்று கேட்டாள்.

சரியில்லை. தமிழில் கவனக்குறைவு என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். பேருந்து கவிழ்ந்தால் ‘ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்’. மின்கம்பி அறுந்து கிடந்தால் ‘அதிகாரிகளின் கவனக்குறைவு’. அதாவது ஒழுங்காகச் செய்ய முடிந்தவர், செய்ய வேண்டியவர், அசட்டையாக விட்டுவிட்டார் என்று பொருள். அது குற்றச்சாட்டுச் சொல். அதையே ஒரு குழந்தையின் மூளை இயங்கும் விதத்துக்குப் பெயராக வைத்தால், நோயின் பெயரே திட்டாகிவிடுகிறது.

ஆங்கிலப் பெயர் வந்த வழியைப் பார்த்தால் குழப்பம் எங்கே என்று தெரியும். அட்டென்ஷன் லத்தீனிலிருந்து வந்தது. ‘அட்’ என்றால் நோக்கி, ‘டெண்டெரே’ என்றால் நீட்டுதல், இழுத்துக் கட்டுதல். மனம் ஒன்றை நோக்கி நீள்வதுதான் அட்டென்ஷன். டெஃபிசிட்டும் லத்தீன்தான், ‘குறைகிறது’ என்ற வினை. சரக்குப் பட்டியலில் இன்னது இல்லை என்று குறிக்கப் பயன்பட்ட சொல், அப்புறம் பட்ஜெட்டுக்கு வந்து நாம் பற்றாக்குறை என்கிறோமே, அது. ஆக ஒரு கணக்குப்பிள்ளையின் சொல்லைக் கொண்டுபோய் மனத்தின் நீட்சியோடு ஒட்டியிருக்கிறார்கள்.

அதுவும் ரொம்பப் பழைய பெயர் இல்லை. 1798இல் அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கவனத்தின் நோய்கள் என்றே ஒரு அத்தியாயம் எழுதினார். 1968இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேடு இதைக் குழந்தைப் பருவத்து மிகை இயக்கமாகத்தான் பார்த்தது. ஓடுகிறான், குதிக்கிறான், அவ்வளவுதான். 1980இல்தான் அட்டென்ஷன் டெஃபிசிட் பெயரில் ஏறியது, 1987இல் மிகை இயக்கமும் சேர்ந்து ஏடிஹெச்டி ஆனது. வெளியே தெரிகிற துள்ளலை விட்டு உள்ளே பார்த்தது நல்ல மாற்றம். ஆனால் உள்ளே இருப்பது பற்றாக்குறையா?

அந்தப் பையனுக்கு இப்போது 16 வயது. கைப்பேசியில் தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்கிறான், ஒரு நொடிக்கு 12 படம் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720 முறை குச்சியை நகர்த்த வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது, ஆறு மணி நேரம் அப்படியே தரையில் கிடப்பான். இதையா கவனம் குறைவு என்பது? அவன் செய்த இன்னொரு குறும்படம் நாலு நிமிடம் ஓடும். ஒரு வகுப்பறை. பாடம் நடத்தும் குரல், மின்விசிறியின் கிறீச், பக்கத்து பெஞ்சில் பென்சில் சீவும் சத்தம், தெருவில் பேருந்து ஹாரன், நாலும் ஒரே அளவு சத்தத்தில் வருகின்றன, எதுவும் பின்னால் போவதில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே எனக்குத் தலை வலித்தது. அக்கா கடைசி வரை பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னாள்.

இதைத் தொழிலாகவே செய்கிற கலைஞர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் பிறந்த காய் சிங் டான், தனக்கே ஏடிஹெச்டி இருப்பதை வெளிப்படையாகப் பேசுகிறவர். காணொளி, ஓவியம், ஓட்டம் என்று எதையும் விட்டுவைக்காதவர். 2017இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் உளமருத்துவப் பேராசிரியர் பிலிப் ஆஷர்சனோடு சேர்ந்து மாயக்கம்பளம் என்று பொருள்படும் பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார். மனம் அலைவதைப் பற்றி ஒரு கம்பளத்தை நெய்து, அதன்மேலேயே ஆட்களை உட்காரவைத்துப் பேசவைத்தார். ஏடிஹெச்டியில் மனம் அளவுக்கு மீறி அலைவதுதான் முக்கியமோ என்று ஆராய்ந்தவர் ஆஷர்சன்.

இங்கேதான் நம் கவனம் என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது. கன்னடத்தில் கவனத்துக்கு ‘கமன’, தெலுங்கில் கவனிப்பதற்கு ‘கமனிஞ்சு’. வடமொழியில் கமனம் என்றால் செல்லுதல், போதல். நம் கவனமும் அந்த வழிவந்த சொல்தான். லத்தீன்காரனுக்கு மனம் நீள்கிறது, நமக்கு மனம் போகிறது. ‘உன் மனசு எங்கடா போச்சு?’ என்று அம்மாக்கள் கேட்பதும் இதைத்தான். போகிற மனம் குறையவில்லை, எங்கே போக வேண்டும், எப்போது திரும்ப வேண்டும் என்பதுதான் கையில் நிற்பதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: ஏடிஹெச்டி இருந்தால் கலைஞன் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிகுறிகள் ஓரளவு உள்ளவர்களுக்குப் பலவிதமாக யோசிக்க வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கோளாறு என்றே கண்டறியப்பட்டவர்களிடம் அது அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மருந்து, பயிற்சி, தூக்கம் எல்லாம் தேவைப்படுகிற நிலைதான் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கவனச்சிதறல் பலர் எழுதுவது, திட்டு இல்லை என்ற வகையில் தேவலை. ஆனால் கைப்பேசி மணி அடித்தால் எல்லோருக்கும் வருவது கவனச்சிதறல். கவனப் பற்றாக்குறை அதே கணக்குப்பிள்ளையின் சொல். நான் எழுதுவது கவனச் சீரின்மை. ஒரு சமயம் வழிகிறது, ஒரு சமயம் வற்றுகிறது, சீராக இல்லை. ஆறு மணி நேரத் தீக்குச்சியும் அதற்குள் அடங்குகிறது. சீர் என்பது செய்யுளின் சொல்லும்கூட. வெண்பாவில் மற்ற அடிகளுக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்றுதான், அதைக் குறை என்று யாரும் சொன்னதில்லை. முழுப் பெயர் வேண்டுமென்றால் ‘கவனச் சீரின்மை – மிகையியக்கக் கோளாறு’. ஆளைச் சொல்லும்போது ‘கவனச் சீரின்மை உள்ளவர்’.

போன ஜூனில் அவனைப் புதுப் பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் அக்கா இந்தச் சொல்லைத்தான் எழுதினாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். கைப்பேசியை எடுத்து அந்த நாலு நிமிடப் படத்தைப் போட்டுக் காட்டினாள்.