ரேடியோசினோவெக்டமி: தமிழில் என்ன சொல்வது?

'கதிர்வீச்சு மூட்டுச்சவ்வு அறுவை சிகிச்சை.' சரவாங்கிக்கு, அதாவது முடக்குவாதத்துக்கு, மூட்டுக்குள் போடும் ரேடியோசினோவெக்டமி என்ற கதிரியக்க ஊசிக்குத் தமிழில் இப்படியொரு பேர் வைத்திருக்கிறார்கள். நலவாழ்வுக் கட்டுரைகளிலும் துண்டறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. இதில் கதிர்வீச்சு தப்பு, சவ்வு தப்பு, அறுவை பெருந்தப்பு. மூட்டு ஒன்றுதான் உருப்படி.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று பார்த்துவிடலாம். சினோவியா என்பது மூட்டுநீருக்கு 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் கட்டிய சொல். மூட்டுநீர் முட்டையின் வெள்ளைக்கருபோல் வழவழவென்று இருப்பதால் வந்தது என்பார்கள். எக்டமி கிரேக்கம், வெட்டி எடுத்தல். மூட்டின் உள்ளுறை வீங்கித் தடித்தால் அதைக் கத்தியால் சுரண்டி எடுக்கும் அறுவை ஏற்கெனவே சினோவெக்டமி என்ற பேரில் இருந்தது. 1952இல் வியன்னாவில் ஃபெல்லிங்கர், ஷ்மிட் என்ற மருத்துவர்கள் கத்தியை விட்டுவிட்டுக் கதிரியக்க மருந்தை மூட்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். பலன் ஒன்றுதானே என்று பழைய பேருக்கு முன்னால் 'ரேடியோ' ஒட்டிக்கொண்டது. பேர் பொருந்தவில்லை என்பது அங்கேயே உறைத்திருக்கிறது. 1968இல் பிரான்சின் மருத்துவர் டெல்பார் எக்டமியைக் கழற்றிவிட்டு, சீராக்குதல் என்ற பொருள் வரும்படி ரேடியோசினோவியார்த்தீசிஸ் என்றார். அவர்கள் திருத்தியதை நாம் தேடிப்பிடித்து மொழிபெயர்த்திருக்கிறோம்.

மூலத்தில் எக்டமி இருக்கிறதே, அறுவை என்றால் என்ன குற்றம் என்று கேட்பவர்களுக்கு அங்கே நடப்பதைச் சொன்னால் போதும். தோலைத் துடைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, ஊசியை மூட்டுக்குள் இறக்கி, கட்டியிருக்கும் நீரை உறிஞ்சி எடுக்கிறார்கள். முழங்காலுக்கு யிட்ரியம்-90 என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கூழ்மம் 5 முதல் 6 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) போகிறது, பின்னாலேயே ஸ்டீராய்டு. ஊசியை உருவும்போது உப்புநீரால் அலசிக்கொண்டே வரவேண்டும். அலசாமல் உருவினால் ஊசி வந்த தடத்தில் மருந்து ஒட்டி, தோல் வெந்து புண்ணாகும். அப்புறம் மூட்டை இரண்டொரு தடவை மடக்கி நீட்டி மருந்தைப் பரவவிட்டு, 48 மணிநேரம் அசையாமல் பட்டை கட்டிவிடுவார்கள். கீறல் இல்லை, தையல் இல்லை.

மருந்துத் துகள்களை உள்ளுறையின் மேல்வரிசைச் செல்கள் விழுங்குகின்றன. உள்ளே போன பீட்டாக் கதிர் அந்தச் செல்களைச் சாகடிக்கிறது. தடித்த உறை மெல்ல நார்த்தன்மை அடைந்து ஒடுங்குகிறது, நீர் சுரப்பது குறைகிறது. இதற்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம்கூடப் பொறுத்துப் பார்க்கச் சொல்வதுண்டு. களைக்கொல்லி அடித்த காட்டில் களை நின்ற இடத்திலேயே காய்கிறது. அதைப் போய்க் களைவெட்டு என்று எந்தத் தோட்டத்துக்காரராவது சொல்வாரா? களைக்கொத்து எடுத்தால்தான் வெட்டு. அவிநாசிப் பக்கம் சின்னப் பையனுக்குத் தெரிந்த இந்த வித்தியாசம் அகராதியைப் புரட்டிச் சொல் கட்டுபவர்களுக்குத் தெரியவில்லை.

தப்பான பேரால் வரும் கேடு பேச்சோடு நிற்பதில்லை. அறுவை என்று படித்தவர், "ஏனுங்க, எத்தன தையல் போடுவீங்க? தையல் பிரிக்கற வரைக்கும் தண்ணி படக்கூடாதுங்களா?" என்றுதான் கேட்பார். கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டார். இரண்டு நாளைக்கு முழங்காலை அசைக்கலாமா, முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் நீர்க்கட்டி உடைந்திருந்தால் இதைப் போடலாமா, கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் ஆகுமா என்பவையெல்லாம் அல்லவா கேள்விகள்? மூன்றுக்கும் 'கூடாது' என்பதே பதில். தையல் இல்லையே என்று மறுநாளே படியேறினால் மருந்து மூட்டைவிட்டு நிணநீர்க் கணுக்களுக்குக் கசியும்.

அடுத்தது சவ்வு. ஏட்டுத் தமிழில் சவ்வு சரியான சொல்தான். ஆனால் ஈரோட்டிலோ திருப்பூரிலோ 'ஜவ்வு கிழிஞ்சிருச்சுங்க' என்றால் அது தசைநார். 'ஜவ்வு வெலகிருச்சு' என்றால் முதுகெலும்பின் இடைத்தட்டு. மூட்டுச்சவ்வு என்றதும் வண்டியிலிருந்து விழுந்து கிழித்துக்கொண்டதுதான் நினைவுக்கு வரும். உள்ளுறை என்பதில் அந்தக் குழப்பம் கிடையாது. தலையணைக்கு உறை இருக்கிற மாதிரி மூட்டுக்கு உள்பக்கம் ஓர் உறை.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கண்டால் நம் ஊரில் 'கரண்டு வைக்கறது' என்றுதான் புரிந்துகொள்வார்கள். புற்றுநோய்க்கு மிஷினுக்கு அடியில் படுக்கவைத்து வெளியிலிருந்து பாய்ச்சுவது அது. இங்கே மிஷினே இல்லை. தானாகச் சிதையும் பொருள் ஒன்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கதிரியக்கம். எழுத்தெண்ணிப் பார்க்கும் பண்டிதத்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. சரவாங்கிக்கு உண்மையான கதிர்வீச்சையும் சோதித்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காதவர்களுக்கு உடலின் நிணநீர்க் கணுக்கள் மேலெல்லாம் கதிர் பாய்ச்சிய சோதனை முடிவுகள் 1981இல் அமெரிக்காவில் வெளிவந்தன. வீக்கம் தணிந்தது, நோயெதிர்ப்பும் சேர்ந்து தணிந்து தொற்றுகள் வந்ததால் அந்த வழி நிலைக்கவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1990களில் போரான் என்ற தனிமத்தை மூட்டுக்குள் செலுத்தி வெளியிலிருந்து நியூட்ரான் பாய்ச்சும் முறையை முயல்களில் பார்த்தார்கள். போரான் நியூட்ரானைப் பிடித்ததும் வெளிவரும் துகள் ஒரு செல்லின் அகலத்துக்குமேல் ஓடாது. இந்த மூன்றையும் ஒரே 'கதிர்வீச்சு'க்குள் போட்டு அமுக்கினால், ஒன்றின் ஆபத்தை இன்னொன்றின் தலையில் கட்டிவிடுவோம்.

டெல்பாரின் சொல்லைப் பின்பற்றி 'கதிரியக்க மூட்டுச் சீரமைப்பு' என்று எழுதுபவர்களும் உண்டு. அறுவைக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் வாக்குறுதி அதிகம். தேய்ந்துபோன குருத்தெலும்பை இந்த ஊசி திருப்பித் தராது. அது பெரும்பாலும் தேய்ந்துவிட்ட மூட்டில் போட்டால் பலனும் குறைவு. மாத்திரை சாப்பிட்டும், ஸ்டீராய்டு ஊசி போட்டும் அடங்காத ஒன்றிரண்டு மூட்டுகளுக்கானது இது. ஸ்டீராய்டு மட்டும் போட்டதைவிட இது பெரிதாக மேலில்லை என்று கண்ட ஒப்பீட்டு ஆய்வுகளும் இருக்கும்போது, சீரமைப்பு என்று பேர் வைப்பது வியாபாரம்.

என் கட்சி 'கதிரியக்க மூட்டுறை ஒடுக்கம்'. எதைக்கொண்டு, எதை, என்ன செய்கிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பேச்சில் 'மூட்டுறை ஊசி' போதும். கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

தனிமங்களின் பேரைத் தமிழாக்கும் வேலை மட்டும் வேண்டாம். யிட்ரியம் திசுவுக்குள் சராசரி 3.6 மில்லிமீட்டர், அதிகபட்சம் 11 மில்லிமீட்டர் பாயும். முழங்காலுக்கு அது சரி. மணிக்கட்டு, தோள்பட்டைக்கு ரீனியம்-186. விரல் கணுவுக்கு எர்பியம்-169. அது 1 மில்லிமீட்டரைத் தாண்டாது. விரலில் யிட்ரியத்தைப் போட்டால் தோல் வெந்துவிடும். மூன்றையும் 'கதிரியக்க மருந்து' என்று மொத்தமாக எழுதிவிட்டு நகரும் மொழிபெயர்ப்பாளர், எந்த மூட்டுக்கு எது என்ற முக்கியமான தகவலை வாசகரிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார். ஒப்புதல் படிவத்தில் இந்தப் பேர், அளவு, எந்த மூட்டு என்ற மூன்றும் தமிழெழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'அறுவை' என்று அச்சடித்திருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்.