புரோக்கர் எழும்பவில்லையா? ஃபோல்டரை அழிக்காதீர்கள்

ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் இலங்கை மலையகத்தில் பின்னேரமானால் இடி மின்னலோடு கரண்ட் போவது வழக்கம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் டிஜிட்டல் தராசு வைத்து, ஒவ்வொருவர் பறித்த கிலோவையும் ஆக்டிவ்எம்கியூ மாதிரி ஒரு மெசேஜ் புரோக்கர் (செய்திகளை வாங்கி வைத்து உரிய இடத்துக்குக் கொடுக்கும் மென்பொருள்) வழியாக ஒபீஸுக்கு அனுப்பினால், கரண்ட் திரும்பிய பிறகும் அந்தப் புரோக்கர் எழும்பாமல் நிற்கக்கூடும். உடனே டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே இருப்பது ஒருவருக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்று தீர்மானிக்கிற கணக்கு.

ஆக்டிவ்எம்கியூ செய்திகளை காஹாடிபி என்ற சேமிப்பகத்தில் வைக்கிறது. அதில் டிபி-1, டிபி-2 என்று எண் போட்ட ஜர்னல் கோப்புகள் இருக்கும், வழக்கமாக ஒவ்வொன்றும் 32 மெகாபைட். வந்த வரிசையிலேயே கடைசியில் சேர்த்துக்கொண்டு போகும், முன்னால் எழுதியதைத் திருத்தாது. டிபி.டேட்டா என்பது வேறு, அது எந்தச் செய்தி எந்தக் கோப்பில் எங்கே கிடக்கிறது என்று காட்டும் இன்டெக்ஸ். தோட்டத்தில் பேர் பதியும் செக்ரோல் புத்தகத்துக்கு முன்னால் ஒட்டிய பெயர்ப்பட்டியல் மாதிரி: பட்டியல் கிழிந்தால் புத்தகத்தைப் புரட்டி மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

எழுதும் நடுவில் கரண்ட் போனால் கோப்பில் இடம் ஒதுக்கியிருந்தும் தரவு டிஸ்க்கில் இறங்காமல், அந்த இடம் வெறும் பூச்சியங்களாகக் கிடக்கக்கூடும். எழுதச் சொன்னதை உடனே டிஸ்க்கில் இறக்கும்படிதான் ஆக்டிவ்எம்கியூ இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது, ஆனாலும் சில டிஸ்க்குகள் தங்கள் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்துக்கொண்டே எழுதியாயிற்று என்று சொல்லிவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் ஆக்டிவ்எம்கியூ.லாக் என்ற குறிப்புக் கோப்பைப் படியுங்கள், டிஸ்க் நிரம்பியதோ முன்பு ஓடிய புரோக்கர் ஃபோல்டரின் பூட்டை விடாததோ காரணமாக இருந்தால் அதிலேயே தெரியும். இங்கே ஒரு ஆபத்து: ஜர்னல் கோப்புகளின் பெயரும் லாக் என்றே முடிவதால், டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று பழைய லாக் என நினைத்து அவற்றை அழித்துவிடுகிறவர்கள் உண்டு.

அப்புறம் புரோக்கரை நிறுத்தி காஹாடிபி ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்தில் கொப்பி எடுங்கள். டிபி.டேட்டாவையும் அந்த இன்டெக்ஸின் துணைக் கோப்பான டிபி.ரீடோவையும் மட்டும் அகற்றித் தொடங்கினால் ஜர்னலை முழுக்க வாசித்து இன்டெக்ஸை மறுபடி கட்டும். ஜர்னல் பெரிதாக இருந்தால் நேரம் எடுக்கும், பொறுங்கள்.

அதற்கும் எழும்பாவிட்டால் ஜர்னலே பழுதாகியிருக்கலாம். பழுதான ஜர்னலைச் சோதிக்கும் அமைப்பை மட்டும் திறந்தால், புரோக்கர் செக்சம் (தரவு மாறியிருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்து எந்தக் கோப்பு என்று சொல்லும், ஆனால் தொடங்காது. காணாமல் போனதைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பையும் சேர்த்தால் தொடங்கும், பழுதான பகுதியிலிருந்த செய்திகளை விட்டுவிட்டு. அது கடைசி வழி, அதுவும் மடுவத்துத் தராசின் நினைவகத்திலோ துண்டிலோ அன்றைய எடை இருக்கிறதென்று உறுதியான பிறகுதான்.

செய்தி கிடைத்ததும் ஒபீஸ் மென்பொருள் அனுப்பும் பெற்றுக்கொண்டேன் என்ற பதிவுகளும் அதே ஜர்னலில்தான் இருக்கின்றன. அவை பழுதாகியிருந்தால் முன்பே போன செய்தி இன்னொரு தடவை போகும், அதனால் ஒவ்வொரு நிறுவைக்கும் தனி எண் கொடுத்து, ஒபீஸ் மென்பொருள் அதே எண் திரும்பி வந்தால் விலக்கும்படி வையுங்கள்.