பழைய போட்டோவைப் பலகையில் ஒட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இது நாலாவது. பழைய போட்டோவைப் பலகையில் ஒட்டி, மேலே ஃபிலிம் போட்டு, "லேமினேட் பண்ணிப் பத்திரமாத்தான் சார் வச்சிருந்தோம், அப்பவும் மங்கிடுச்சு" என்று பழைய படங்களைச் சரிசெய்கிற என் மேசையில் வைக்கிறார்கள்.

என்ன பத்திரம்? தண்ணீர் தெறித்தால் தாங்கும், தூசு அடையாது. அவ்வளவுதான். வெளிச்சம் ஃபிலிமைத் தாண்டி உள்ளே போகும். கலர் பிரின்ட்டின் சாயம் வெளுத்துக்கொண்டேதான் இருக்கும். சூடும் பசையுமாகப் பிடித்த ஃபிலிமை உரித்தால் படமும் கூடவே வரும். ரேஷன் கார்டு நகலுக்குச் செய்கிற வேலையை, உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிற படத்துக்குச் செய்வார்களா? ஆசையாக இருந்தால் ஸ்கேன் எடுத்துப் புதுப் பிரின்ட் போட்டு, அதை லேமினேட் செய்து சுவர் முழுக்க மாட்டுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன்.

பலகையில் ஒட்டும்போது போவது படத்தின் முதுகு. அதை யாருமே யோசிப்பதில்லை.

நாலாவதாக வந்தவர் ஒரு ஓவியர், நாற்பதைத் தாண்டிய பெண். "அப்பா, அப்பா" என்றே பேசினார். அரைமணி நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது, அவர் பெற்ற அப்பா இல்லை. கடைகளுக்கு போர்டு எழுதிய பக்கத்து வீட்டுக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தார். அவர் இறந்ததும் அண்ணன் மகன்கள் வீட்டைக் காலி செய்தார்கள்; ஆல்பம் பழைய பேப்பரோடு எடைக்குப் போனது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சித்தப்பா பக்கத்தில் நிற்கிற சிறுமி யாரென்று எந்தப் படத்திலும் எழுதியிருக்கவில்லை.

எழுதியிருந்த ஒரே படம் இவரிடம் இருந்தது. அதைத்தான் இவரே ஆசையாகப் பலகையில் ஒட்டக் கொடுத்திருக்கிறார்.

பலகையைப் பின்னாலிருந்து இழை இழையாகச் சீவி எடுக்க மூன்று நாள் ஆனது. கலர் பிரின்ட்டின் பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. பேனா மை உள்ளே இறங்காமல் மேலாகவே நிற்கும். பசை பெயர்ந்த இடத்திலெல்லாம் எழுத்தும் பெயர்ந்தது. போர்டு எழுதின கை, சுழியெல்லாம் அச்சு மாதிரி. மிஞ்சியது, "என் ம". பிறகு கறை. கீழே 1987.

கம்ப்யூட்டரில் நிரப்பித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் சார். கறையோட சேர்த்து ஆறடிக்கு வரையப்போறேன், அவரோட எனாமல் பெயின்ட்லயே" என்றார். அடுத்த கண்காட்சியில் படங்களின் முதுகுகள் மட்டும்தானாம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். அப்படியே கண்ணாடியோடு ஸ்கேன் எடுங்கள். ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சந்தனம் குங்குமம் வைக்கிறவர்கள், துடைக்கிற ஈரத்துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். பிழியாத துணியிலிருந்துதான் ஃபிரேம் ஓரமாகத் தண்ணீர் இறங்குகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலில் எழுதுங்கள், அழுத்தாமல். கலர் படமென்றால் அதைப் போட்டு வைக்கும் காகித உறையில், படத்தை வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பெயர் மட்டும் போதாது. யாருக்கு யார் என்றும் எழுத வேண்டும்.

தயவுசெய்து இன்னொன்றும் செய்யுங்கள். சட்டப்படி தத்தெடுக்காத வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுச் சான்றிதழில் இடம் கிடையாது. உயிலுக்குப் பத்திரத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். வீடு யாருக்கென்று எழுதுகிற அதே தாளில், ஆல்பம் யாருக்கென்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.