மேஷ்-அப்: தமிழில் என்ன சொல்லலாம்?

சிகிச்சைக்காகக் கொல்கத்தாவிலிருந்து வந்து காட்பாடி ஜங்ஷனில் இறங்குகிற குடும்பத்துக்கு முதல் கவலை, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நடந்து போகிற தூரத்தில் கட்டுப்படியான லாட்ஜ் எது என்பதுதான். வரைபடம் ஓரிடத்தில் கிடைக்கிறது, லாட்ஜ் பட்டியல் வேறிடத்தில். வேலூர் மாணவர் ஒருவர் இரண்டையும் சேர்த்து, காந்தி ரோட்டின் மேல் புள்ளிகள் வைத்து, புள்ளியைத் தொட்டால் வாடகை தெரியும்படி ஒரு பக்கம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடமும் பட்டியலும் அவருடையவை அல்ல, சேர்மானம் மட்டுமே அவருடையது. இப்படிப் பல இடத்துத் தரவையும் சேவையையும் இணைத்துப் புதுப் பயன் தருகிற இணையச் செயலிதான் மேஷ்-அப். ஹோட்டல்காரர் தன் தளத்தின் மூலையில் வரைபடத்தை ஒட்டிவைத்தால் அது மேஷ்-அப் ஆகாது.

வேலூர்ப் பக்கம் கற்பனை. அமெரிக்காவில் 2005-ல் இது நிஜமாகவே நடந்தது. பால் ராட்மாக்கர் என்பவர் கிரெய்க்ஸ்லிஸ்ட் என்கிற விளம்பரத் தளத்தில் வந்த வாடகை வீட்டு விளம்பரங்களைக் கூகுள் வரைபடத்தில் பொருத்தி ஹவுசிங்மேப்ஸ் தளத்தை உருவாக்கினார். வெளியாட்கள் அந்த வரைபடத்தை எடுத்தாள அப்போது முறையான வழியே கிடையாது. அவராகவே நிரலைத் துருவி வழி கண்டுபிடித்தார். கூகுள் அவர்மேல் வழக்குப் போடவில்லை. அந்த ஜூனில் வரைபடத்துக்கான ஏபிஐ-யை, அதாவது பிறருடைய நிரல்கள் முறைப்படி கேட்டு வாங்கும் ஏற்பாட்டை, வெளியிட்டது. அப்புறம் அவரையே வேலைக்கும் எடுத்துக்கொண்டது.

சொல் இசையுலகிலிருந்து வந்தது. ஒரு பாட்டின் குரலை இன்னொரு பாட்டின் பின்னணி இசைமேல் ஏற்றினால் அங்கே மேஷ்-அப். மேஷ் என்றால் மசித்தல். நம் 'மசி'யும் அதே ஒலியில் இருக்கிறதே என்று உறவு கொண்டாட வேண்டாம், ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து வேர் சொல்லிவிட முடியாது. பொருளும் பொருந்தாது: மசித்தால் எது எதுவென்று தெரியாது, இங்கே வரைபடம் வரைபடமாகவே நிற்கிறது.

'கலவைச் செயலி' என்று சொல்லலாமா என்றால், அதிலும் எனக்கு இதே குறைதான். பூக்கடைக் கதம்பத்தில் கனகாம்பரமும் மருவும் மல்லியும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் சரம் ஒன்று. ஆகவே என் ஓட்டு 'கதம்பச் செயலி'க்கு. இன்னும் பழைய சொல் வேண்டுமானால் கலம்பகம் இருக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் அச்சொல்லைப் பல பூ மாலைக்கு ஆள்கிறார். ஆனால் பல உறுப்புகள் கலந்த சிற்றிலக்கிய வகைக்கே இன்று அது பெயராக நிலைத்துவிட்டதால், செயலிக்கு வைத்தால் குழப்பம்தான் வரும்.

கதம்பச் செயலிக்கு ஒரு பலவீனம் உண்டு: மூலம் நின்றால் இதுவும் நிற்கும். பல தளங்களின் செய்தியோடைகளை (ஃபீட்) இணைக்க 2007-ல் யாகூ தொடங்கிய பைப்ஸ் சேவை 2015-ல் மூடப்பட்டபோது, அதன்மேல் கட்டியவர்கள் வேறு கருவி தேட வேண்டியதாயிற்று.