முடவாட்டுக்கால் செடியைக் காட்டிக்கொடுக்கும் பழுப்பு இலை

கொல்லிமலையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கடை வாசலில் குவித்திருக்கும் கிழங்கைக் கையில் எடுத்தால் ரோமம் கருகாத ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். சரி, அந்தக் கிழங்கு எந்தச் செடியுடையது? மலைச்சரிவில் அதன் பக்கத்திலேயே நின்றாலும் பலருக்குத் தெரியாது.

அது ஒரு பெரணி (ஃபெர்ன்). பூக்காது, காய்க்காது. மரநிழல் விழும் பாறைகளிலும் அடிமரங்களிலும் ஒட்டிப் படரும். அதைத் தேடும்போது பச்சை இலையை விட்டுவிட்டு, பழுப்பு இலையைத் தேடுங்கள்.

இந்தப் பெரணிக்கு இரண்டு வகை இலைகள் உண்டு. பச்சை இலை காம்போடு நீண்டு, ஒரு மீட்டர்கூட வளரும். நடுநரம்பை நெருங்கும் அளவுக்கு ஆழமாகப் பிளவுபட்டிருக்கும். இன்னொரு வகைக்குக் காம்பே கிடையாது. அகலமாக, ஓரம் மட்டும் வளைந்து வளைந்து, பாறையை அணைத்தபடி நிற்கும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'ஓக் இலை கொண்டது' என்று பொருள்படும் லத்தீன் பெயரை வைத்தது இந்த இலையின் வடிவத்தால்தான். முளைக்கும்போது பச்சையாக இருந்து, சீக்கிரமே பழுத்து, காகிதம்போல் விறைத்துவிடும்.

சருகுதானே என்று இழுத்தால் லேசில் வராது. அதன் உட்பக்கம் எட்டிப் பாருங்கள். மேலிருந்து விழுந்த இலை, தூசி, பூச்சி எச்சம் எல்லாம் அந்தக் குழிவில் தங்கி, மக்கிக் கறுத்திருக்கும். விரலை விட்டால் ஈரம் தெரியும். வேர்கள் அதற்குள் புகுந்து சத்தை எடுத்துக்கொள்ளும். மண்ணில்லாத பாறையில் இந்தச் செடி தனக்கான எருக்குழியைத் தானே கட்டிக்கொள்வது எனக்கு இன்றும் பெரிய வியப்பு. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்தாலும் பழுப்பு இலைகள் நிற்கும். அப்போதும் அடையாளம் தப்பாது.

சந்தேகம் இருந்தால் பச்சை இலையைத் திருப்பிப் பாருங்கள். பக்க நரம்புகளுக்கு இடையே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் இரண்டிரண்டு வரிசையாக இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் வித்துப்பைகளின் (ஸ்போர் பைகளின்) கூட்டம். பொடிபோன்ற அந்த வித்துகளைக் காற்று கொண்டுபோகும்.

அப்புறம் அந்தக் கிழங்கு. உண்மையில் அது பாறைமேல் ஊர்ந்து போகும் தண்டு; ரோமமாகத் தெரிவது மெல்லிய செதில்கள். அதன் நுனியிலிருந்துதான் செடி முன்னே நகர்கிறது. முழுத் தண்டையும் பெயர்த்து எடுத்தால் செடி போய்விடும். நுனியோடு ஒரு துண்டைப் பாறையில் விட்டுவைத்தால், மழைக்குப் பிறகு அதில் புது இலை சுருள் விரிக்கும்.