ஆச்சியின் கனகாம்பரமும் போன் எடுத்துக்கொண்ட நிறமும்

போன மாதம் என் போனின் வால்பேப்பரை மாற்றினேன். ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம். பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், கீழே சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை, மேலே வெளுத்துப்போன பழைய நூல்சேலை, கொண்டையில் ஒரு சரம் கனகாம்பரம். படத்தை வைத்த அடுத்த நொடியில் கீபோர்டு, கால்குலேட்டர், மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்கள் எல்லாம் ஆரஞ்சுச் சாயலுக்கு மாறிவிட்டன.

படத்தில் முக்கால்வாசி இடம் வெள்ளையும் சாம்பலும்தான். பூ இருப்பது ஒரு ஓரத்தில், கொஞ்சூண்டு. அப்படியிருக்க அந்த நிறத்தைப் போன் எப்படித் தேர்ந்தெடுத்தது? தேடிப் படித்தபோது ஒன்று புரிந்தது. வால்பேப்பர் என்பது பின்னால் சும்மா மாட்டி வைத்திருக்கும் படம் என்று நாம் நினைக்கிறோம். போனோ அதைப் புள்ளி புள்ளியாக வாசிக்கிறது. நிறத்தை எண்ணுகிறது, வெளிச்சத்தை அளக்கிறது, எந்த எழுத்தை எந்த நிறத்தில் காட்டுவது என்று அதிலிருந்து முடிவெடுக்கிறது.

முழுப் படத்தையும் அது எடுத்துக்கொள்வதில்லை. ஆண்ட்ராய்டில் நிறம் பார்க்கும் நிரல் முதலில் படத்தை நன்றாகச் சுருக்குகிறது. மொத்தப் பிக்சல்கள் 112 × 112, அதாவது 12,544-ஐத் தாண்டாத அளவுக்கு. ஒரு படத்தின் நிறங்களை மட்டும் தெரிந்துகொள்ள இந்தத் தபால்தலை அளவே போதும். ஆச்சியின் முகச் சுருக்கங்கள் மறைந்துவிடும், பூவின் ஆரஞ்சு மறையாது.

அப்புறம் வகைபிரித்தல். பன்னிரண்டாயிரம் பிக்சலில் ஆயிரக்கணக்கான நிறங்கள் இருக்கலாம். சுவர் வெள்ளை என்று நாம் சொல்லிவிடுகிறோம், ஆனால் நிழல் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளை, வெயில் பட்ட இடத்தில் வேறொரு வெள்ளை. இவற்றை அதிகபட்சம் 128 குவியல்களாகப் பிரிக்கிறது போன். தோவாளை பூச்சந்தையில் கலந்து கொட்டிய பூக்களைப் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தோராயமாகச் சில குவியல்கள் போடுகிறோம். ஒவ்வொரு பூவையும் எடுத்து, அதன் நிறத்துக்கு எந்தக் குவியல் மிக நெருக்கமோ அதில் போடுகிறோம். எல்லாம் போட்டு முடித்ததும் குவியலின் சராசரி நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். அந்தப் புதிய சராசரியை வைத்து மறுபடி எல்லாப் பூக்களையும் பார்க்கிறோம், இடம் மாற வேண்டியவை மாறுகின்றன. இனி எதுவும் பெரிதாக மாறவில்லை என்னும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

இந்த முறைக்குக் கே-மீன்ஸ் என்று பெயர். இதை 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் லாயிட் யோசித்தது நிறத்துக்காக இல்லை. தொலைபேசியில் போகும் குரலை எண்களாக மாற்றும்போது பிழை குறைவாக இருக்க அளவுப் படிகளை எங்கெங்கே வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கட்டுரை 1982-இல்தான் இதழில் அச்சானது. குரலுக்காகப் பிறந்த கணக்கு இன்று அதே தொலைபேசியின் வண்ணத்தைத் தேர்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது. லாயிட் முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. முதலில் போடும் குவியல்கள் சரியில்லை என்றால் முடிவும் சுமாராகவே வரும். அதனால் ஆண்ட்ராய்டு, 1991-இல் சியாவோலின் வூ தந்த வேறொரு முறையால் முதல் குவியல்களைப் போட்டுக்கொண்டு, பிறகு கே-மீன்ஸால் அவற்றைச் செம்மைப்படுத்துகிறது.

சரி, குவியல்கள் வந்துவிட்டன. பெரிய குவியலையே எடுப்பதென்றால் என் போன் வெள்ளையாகவோ சாம்பலாகவோ ஆகியிருக்க வேண்டும். இங்கேதான் தேர்வு விதிகள் வருகின்றன. முதல் விதி, நிறச்செறிவு மிகக் குறைந்தவை தள்ளப்படும். வெள்ளை, சாம்பல், கறுப்பு எல்லாம் இதிலேயே வெளியே போய்விடுகின்றன. சுவரும் தரையும் சேலையும் போயின. இரண்டாவது விதி, ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் பக்கத்துச் சாயல்களின் பங்கையும் சேர்த்துக் கூட்டுவது. நிறவட்டத்தில் இருபுறமும் சுமார் 15 பாகைக்குள் இருப்பவை ஒரே குடும்பம். அந்தக் குடும்பம் மொத்தமும் படத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால் அந்த நிறம் கழிக்கப்படும். தப்பியவற்றில், பங்கும் செறிவும் சேர்ந்து யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கே இடம்.

கனகாம்பரத்துக்கு உறவுக்காரர்கள் நிறைய. ஆச்சியின் தோல் நிறம் ஆரஞ்சுச் சாயலைச் சேர்ந்தது. நம் எல்லோருடைய தோலும் கறுப்போ மாநிறமோ சிவப்போ, கணக்குப்படி மங்கலான ஆரஞ்சுதான். மரக்கதவு, செங்கல், செம்மண் எல்லாம் அதே குடும்பம். ஆக முகமும் கையும் கதவும் சேர்ந்து குடும்பத்தின் பங்கைக் கூட்டிவிட, அந்தக் குடும்பத்திலேயே செறிவு அதிகமான பூ முன்னால் வந்து நின்றுவிட்டது. மனிதர்கள் நிறைந்த படங்களை வைத்தால் போன் அடிக்கடி செம்மண் சாயலுக்குப் போவதற்கும் காரணம் இதுதான். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை என்றால் எந்த நிறமும் தேறாது. அப்போது கூகுள் முன்கூட்டியே வைத்திருக்கும் ஒரு நீலம் வந்து உட்காரும்.

2021-இல் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்தது இந்த வசதி. ஒரு நிறத்தைக் கண்டுபிடிப்பதோடு அது நிற்பதில்லை. அந்த ஒற்றை விதையிலிருந்து ஐந்து வரிசைகள், வரிசைக்கு 13 படிகள் என்று 65 நிறங்களைச் செய்கிறது. பொத்தானுக்கு ஒன்று, அதன்மேல் எழுத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று.

இந்த 65-ஐச் செய்வதில்தான் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இருக்கிறது. கணினிகளில் நிறத்தின் வெளிச்சத்தைச் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அதன்படி பளிச் மஞ்சளும் பளிச் நீலமும் ஒரே வெளிச்சம், இரண்டுக்கும் நூற்றுக்கு 50. உங்கள் கண்ணிடம் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளை மாதிரி கூசும், நீலம் இருண்டு கிடக்கும். கண்ணின் கணக்கை ஒட்டி 1976-இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் வகுத்த அளவுகோலில் அந்த மஞ்சளுக்கு 97, அந்த நீலத்துக்கு 32. ஆண்ட்ராய்டு தன் நிறங்களை இந்த அளவுகோலில்தான் அடுக்குகிறது. அதனால் ஒரு உறுதி கிடைக்கிறது. எந்தச் சாயலாக இருந்தாலும் சரி, இரு நிறங்களுக்கு இடையே இந்த அளவில் 50 வித்தியாசம் இருந்தால் ஒன்றின்மேல் மற்றொன்றால் எழுதியதைச் சிரமமில்லாமல் வாசிக்கலாம். இணையப் பக்கங்களில் எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மனதில் வைத்து எழுதிய விதி. 50 வித்தியாசம் அதை நிறைவேற்றிவிடும். ஆகவே நீங்கள் எந்தப் படத்தை வைத்தாலும் பொத்தானில் எழுத்து மறையாது. வண்ணம் உங்களுடையது, வாசிக்க முடிவது எல்லோருக்கும் பொது. வடிவமைப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படத்தின்மேல் நேரடியாக எழுதும் கடிகாரத்துக்கும் ஆப் பெயர்களுக்கும் வேறு ஏற்பாடு. படம் மொத்தத்தில் வெளிச்சமாகவும், அதில் கறுத்த இடங்கள் மிகச் சொற்பமாகவும் இருந்தால்தான் கறுப்பு எழுத்து. மற்றபடி வெள்ளை எழுத்தும் அதற்கு மெல்லிய நிழலும். வெளிச்சம் அளக்கும்போது சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று எடை போட்டுக் கூட்டுகிறார்கள். நம் கண் பச்சையைத்தான் அதிகம் உணரும் என்பதால் இந்த எடைகள்.

இந்தக் கூட்டல் ஒரு முறை பலரைத் தவிக்க விட்டிருக்கிறது. 2020-இல் ஓர் இயற்கைக் காட்சிப் படம் பரவியது. அமெரிக்காவின் மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள செயின்ட் மேரி ஏரி, மேலே மாலை மேகங்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆண்ட்ராய்டு 10 ஓடிய பல போன்களில் அதை வால்பேப்பராக வைத்ததும் திரை அணைந்து அணைந்து எரியத் தொடங்கியது, போன் திரும்பத் திரும்பத் தானாகத் தொடங்கியது. படத்தில் வைரஸ் எதுவும் இல்லை. அதை எடுத்தவர் ஒரு திருத்தும் மென்பொருளில், போன்களில் வழக்கமாக இருப்பதைவிட அகலமான வண்ண வெளியில், அதாவது கூடுதல் நிறங்களைக் குறிக்க முடிகிற ஒரு வரம்பில், சேமித்திருந்தார். போனின் நிரலோ ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் 0 முதல் 255-க்குள் இருக்கும் என்று நம்பி, அதற்கேற்ப 256 அறைகள் கொண்ட ஒரு பட்டியலை வைத்திருந்தது. அந்தப் படத்திலோ கூட்டுத்தொகை 255-ஐத் தாண்டிய பிக்சலும் இருந்தது. போய் உட்கார அறை இல்லை. திரையைக் கவனிக்கும் நிரல் விழுந்தது, எழுந்து மறுபடி அதே படத்தை வாசித்தது, மறுபடி விழுந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் இத்தகைய படங்களை முதலில் வழக்கமான வண்ண வெளிக்கு மாற்றிவிட்டு அளக்கும்படி சரிசெய்தார்கள்.

இனி, பலரும் என்னிடம் சொல்லும் குறை. "நல்ல குரூப் போட்டோ வைத்தேன், ஓரத்தில் நின்ற மாமாவைக் காணோம்." போன் கேமராக்கள் பெரும்பாலும் 4-க்கு 3 என்ற விகிதத்தில் படம் எடுக்கின்றன. இன்றைய திரைகளோ 20-க்கு 9 போல ஒல்லியாக, நெட்டையாக இருக்கின்றன. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தை உயரம் முழுதும் நிரப்பி வைத்தால் அகலத்தில் 60 விழுக்காடுதான் தங்கும். படுக்கவைத்து எடுத்த படம் என்றால் மூன்றில் ஒரு பங்குதான். கல்யாண வீட்டில் வரிசையாக நின்ற பன்னிரண்டு பேரில் நான்கு பேர் மிஞ்சுவார்கள்.

தெளிவும் இதோடு சேர்ந்த கதை. 1080 × 2400 திரையில் சுமார் 26 லட்சம் பிக்சல்கள். 3000 × 4000 என்று நிமிர்த்தி எடுத்த படத்தில் வெட்டிய பிறகும் 1800 × 4000 இருக்கும், திரைக்குத் தாராளம். அதே காட்சியைப் படுக்கவைத்து எடுத்து, வாட்ஸ்அப்பில் சுருங்கி 1600 × 1200 ஆக உங்களுக்கு வந்திருந்தால் கையில் மிஞ்சுவது 540 × 1200. ஒரு பிக்சலை நான்கு பிக்சல் இடத்தில் நீட்டி நிரப்ப வேண்டியிருக்கும். முகம் மசமசவென்று தெரிவது அதனால்தான். அனுப்புகிறவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

இந்த 26 லட்சத்தைச் சொல்லும்போதெல்லாம் பழைய நோக்கியா போன்கள் ஞாபகத்துக்கு வருகின்றன. திரையில் நிறுவனப் பெயர் வரும் இடத்தில் நமக்குப் பிடித்த சின்னப் படத்தை வைத்துக்கொள்ளலாம். 72 × 14, மொத்தம் 1008 புள்ளிகள், ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது காலி. அதாவது 126 பைட். ஒரு எஸ்எம்எஸ் சுமப்பது 140 பைட் என்பதால் ஒரே செய்தியில் அந்தப் படம் அடங்கிவிடும். இன்று என் போன் ஆச்சியின் படத்தை நினைவகத்தில் விரித்து வைக்கவே ஒரு கோடி பைட்டுக்குமேல் கேட்கிறது.

கறுப்பு வால்பேப்பர் வைத்தால் பேட்டரி மிச்சமா? ஓஎல்இடி திரை என்றால் ஆம், கொஞ்சம். அதில் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்வது, கறுப்பு என்றால் அணைந்துவிடும். எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், கறுப்பு அதை மறைக்கிறதே தவிர அணைப்பதில்லை. ஓஎல்இடியிலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2021-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார், ஆப்களை வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற்றினால் எவ்வளவு மின்சாரம் மிஞ்சும் என்று அளந்தார்கள். வெளிச்சத்தை முழுதாக வைத்தபோது சராசரி 39 முதல் 47 விழுக்காடு, ஆனால் நாம் வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 விழுக்காடு வெளிச்சத்தில் 3 முதல் 9 விழுக்காடுதான். வால்பேப்பரோ ஒரு நாளில் நம் கண்ணில் படுவது சில நிமிடங்கள். பேட்டரிக்காகப் பிடித்தமான படத்தை எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் ஆச்சியின் படத்தை எடுக்கவில்லை. வண்ணத்தை மட்டும் மாற்றிப் பார்க்க அமைப்புகளுக்குள் போனேன். படத்திலிருந்து எடுத்த நிறங்கள் என்று இரண்டு வட்டங்கள் காட்டியது. ஒன்று கனகாம்பரம். மற்றொன்று பச்சை. படத்தில் பச்சை எங்கே என்று தேடினால், இடது ஓரத்தில் முற்றத்து வாழையின் ஒரு கீற்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தை விரலால் கொஞ்சம் நகர்த்தி, ஆச்சியை நடுவில் வைத்து மறுபடி பொருத்தினேன். வாழை திரைக்கு வெளியே போனது. அமைப்புகளைத் திறந்தேன், பச்சை வட்டத்தைக் காணவில்லை.