எச்சிங் செய்த கரைசலை வாய்க்காலில் விடாதீர்கள்

போனில் எடுத்த படத்தைச் செப்புத் தகட்டில் எச்சிங் செய்து (ரசாயனக் கரைசலால் அரித்துப் பதித்து) அச்செடுக்கக் கற்றுக்கொள்ள கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள், அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் வேலை முடிந்ததும் கரைசலைக் கொல்லைச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செய்முறை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓஹெச்பி ஷீட் என்ற கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தாளில் இங்க்ஜெட்டில் அச்செடுத்து (ஐப்பசி மழையில் மை லேசில் காயாது, அவசரப்படாதீர்கள்), சர்க்யூட் போர்டுக்குப் போடும் ட்ரை ஃபிலிமை (வெளிச்சம் பட்டால் இறுகும் மெல்லிய படலம்) தகட்டில் ஒட்டி, அதன் மேல் ஷீட்டை வைத்துப் புற ஊதா விளக்கில் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும், மை மறைத்த இடம் 1 சதவீத சலவை சோடாக் கரைசலில் கரைந்து செம்பு வெளியே தெரியும். செம்பை அரிக்கும் பெர்ரிக் குளோரைடு கரைசலில் தகட்டைப் போட்டால் அங்கேதான் அரிக்கும், அரித்த பள்ளத்தில்தான் அச்சு மை நிற்கும். பெரிய கறுப்புப் பகுதிகளை நுண்ணிய புள்ளிகளாகப் பிரிக்காவிட்டால் பள்ளம் அகலமாகி, தகட்டின் மேல்பரப்பு மையைத் துடைக்கும்போது பள்ளத்து மையும் போய்விடும்.

நைட்ரிக் அமிலம் போலப் புகை வராததால் பெர்ரிக்கால் ஆபத்தே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கண்ணில் தெறித்தால் பெரிய பாதிப்பு, அதனால் கண்ணாடியும் கையுறையும் போட்டே ஆகவேண்டும். தூளாக வாங்கினால் தண்ணீரில் கரைக்கும்போது சூடு கிளம்பும், தூளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் போடவேண்டும், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

அரித்து எடுத்த செம்பு முழுவதும் அந்தக் கரைசலில்தான் இருக்கிறது. பழுப்பு நிறம் பச்சையாகத் திரும்புவதே அதற்கு அடையாளம். மீனுக்கும் நத்தைக்கும் துளிச் செம்பே விஷம், அது மக்கி அழிவதும் கிடையாது. கோடையில் காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் நாம் ஊற்றியது சேற்றில் தங்கி, வழக்கம்போல ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்போது குறுவை வயலுக்கே போகலாம்.

சரி, என்ன செய்வது? முதலில், அரிக்கும் வேகம் குறையும்வரை அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். அப்புறம் பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிச் சலவை சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள், அவசரப்பட்டால் நுரைத்து வழியும். பொங்குவது நின்று பிஹெச் தாள் (அமிலத்தன்மையை நிறத்தால் காட்டும் தாள்) 8 காட்டியதும் ஒரு நாள் தெளியவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். அடியில் தங்கும் வண்டலில்தான் செம்பு இருக்கும். அதைக் காயவைத்து மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவர்களிடம் கொடுங்கள், குப்பைத் தொட்டியிலோ எருக்குழியிலோ போடாதீர்கள். தகட்டை முதலில் அலசும் தண்ணீரிலும் செம்பு இருக்கும், அதுவும் அதே வாளிக்குத்தான் போகவேண்டும்.